துரைக்காகச் செய்த கோன் பெட்டி

போன மாதம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு முழங்காலைக் காட்டப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். எத்தனை நேரம்தான் எதிரே இருக்கிற சுவரைப் பார்ப்பது? வராந்தா மூலையில், குப்பைக் கூடைக்குப் பின்னால், கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி சுவரோடு ஒட்டி இருந்தது. இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை, மேலே பூட்டு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் கைத்தடியால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. நன்றாகத்தான் பதித்திருக்கிறார்கள்.

செக்யூரிட்டிப் பையன் ஓடி வந்தான். "பெரியவரே, அதத் தொடாதீங்க. எலி மருந்து வச்ச பெட்டி."

"தெரியும்யா. இதக் கண்டுபிடிச்சதே நாந்தான்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரிங்கய்யா. நரம்பு டாக்டரு மாடியில இருக்காரு. அங்க போகணுமா?"

நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு இராஜபாளையத்தில் பயிருக்கோ பூச்சிக்கோ எலிக்கோ மருந்து வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். மூன்று மாடி. கீழ்ப்படி கருங்கல். யார் கொடுத்தது? இந்தக் கை கொடுத்தது. அந்தக் கறுப்புப் பெட்டியை வெள்ளைக்காரன் பிளாஸ்டிக்கில் வார்த்து அனுப்பியிருக்கலாம். அவனுக்கு முன்னாலேயே நான் காகிதத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் என் மகனே நம்ப மாட்டான். முன்னாலேயா பின்னாலேயா என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது. அவன் ஊர்ப் பக்கம் நான் போனதில்லை.

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் யாரோ ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்டார்கள். அந்த வாடை வராந்தா வரைக்கும் வந்தது. அந்தக் காலத்து எலி மருந்து கறுப்புத் தூளாக இருக்கும். டப்பாவைத் திறந்தால் அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. சட்டையில் ஒட்டினால் ரெண்டு சலவைக்கும் போகாது. பெட்டியும் கண் முன்னால், வாடையும் மூக்கில். என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. நான் பஞ்சுக் குடோனுக்குப் போயிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பேல் உருட்டிக்கொண்டிருந்தேன். பேல் என்றால் இரும்புப் பட்டை போட்டு இறுக்கின பஞ்சு மூட்டை. ரெண்டு பேர் சேர்ந்துதான் புரட்டுவார்கள். நான் தனியாகப் புரட்டுவேன். அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. முழங்கால் மட்டும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. பஞ்சுக் குடோனுக்கு என்று ஒரு வாசம் உண்டு. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் மண், கொஞ்சம் வெயில். பருத்திக் காட்டையே அள்ளி உள்ளே அடைத்தது மாதிரி இருக்கும். அந்த வாசத்துக்கு நடுவே எலி மூத்திர வாடையும் வரும்.

எலிக்கு அதைவிடச் சொர்க்கம் வேறு ஏது? படுக்கப் பஞ்சு, தின்னப் பஞ்சோடு ஒட்டி வந்த பருத்திக்கொட்டை. பேலைப் பிரித்தால் உள்ளே கண் திறக்காத குஞ்சுகள் ரோஸ் நிறத்தில் நெளியும். மூத்திரம் பட்ட பஞ்சு மஞ்சள் ஏறி நூலுக்கு ஆகாமல் போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை வயரைக் கடித்து வைத்து, பொறி பறந்து, பேல் ஒன்று புகைய ஆரம்பித்துவிட்டது. பஞ்சில் தீப்பிடித்தால் தெருவே போகும். அதனால் மேனேஜர் எலி விஷயத்தில் கறாராக இருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மருந்து வைக்கிறவர் குடோன் கீப்பர் வேலுச்சாமி அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற மனுசர். அவருக்கு எலியைப் பற்றி ஒரே ஒரு கொள்கைதான். "எலியும் நம்ம ஊரு எலிதானலே. நமக்குப் புடிச்சது அதுக்கும் புடிக்கும்." ஆகவே மில் வாசல் டீக்கடை மசால் வடையைப் பிட்டு அதில் மருந்தைத் தடவுவார். வடைக்கு எலி மசியாத நாளில் பால்கோவாச் சுரண்டல் கொண்டுவருவார். பால்கோவா கிண்டுகிற சட்டியின் அடியில் பழுப்பாகப் பிடிக்குமே, அது. எங்கள் பக்கத்தில் அந்தச் சுரண்டலுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். நானே இலையை வழித்து நக்கியிருக்கிறேன், மருந்து தடவுவதற்கு முன்னால்தான், பயப்படாதீர்கள். அதே இலைப் பொட்டலம், அதே வாசம். பாதி எங்களுக்கு, பாதி எலிக்கு. அப்போது யாருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை.

குடோன் வாசலை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதில் முத்துராக்கு அக்கா இருந்தாள். அவள் புருசன் குடோன் வாட்ச்மேனாக இருந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். முற்றம் கூட்டிக்கொண்டு அங்கேயே இருந்துகொள் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எல்லா ஆம்பளைகளையும் ஏலே என்பாள். மேனேஜரை மட்டும் அவர் முகத்துக்கு முன்னால் ஐயா என்பாள்.

அவளிடம் ஒரு நாய் இருந்தது. எங்கள் ஊர் நாயைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒடுங்கின வயிறு, நின்றாலே ஒரு மிடுக்கு. ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு சாபம் உண்டு. சில குட்டிகள் பிறக்கும்போதே செவிடாக இருக்கும். காது கேளாத குட்டி வேட்டைக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. ஊரில் நாய் வளர்க்கிற ஒரு பெரிய வீட்டில் அப்படி ஒன்றை வாளித் தண்ணீரில் அமுக்கப் போன வேலைக்காரனிடமிருந்து அக்கா பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். துரை என்று பேர் வைத்தாள்.

"காது கேக்காத கழுதைக்குப் பேரு எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"கூப்புடுறதுக்கு இல்லலே. ஊர்ல நாலு பேரு கேட்டா சொல்லணும்லா? அதுக்கு."

கூப்பிடுவதற்கு அவள் காலால் தரையை ஓங்கி மிதிப்பாள். முற்றத்து மறு கோடியில் தூங்குகிற துரைக்கு அந்த அதிர்வு வயிற்றில் தெரியுமோ என்னவோ, தலையைத் தூக்கிப் பார்க்கும். அவள் கையை மடக்கினால் வரும், விரித்தால் உட்காரும். இதை வேறு யார் செய்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நானும் மிதித்து மிதித்துப் பார்த்தேன். செருப்புதான் அறுந்தது.

எலி இருக்கே, அது சும்மா தின்றுவிட்டுப் போகாது. பத்திரமான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தின்னும். வேலுச்சாமி அண்ணாச்சி பேல் இடுக்கில் வைத்த வடை விடிந்து பார்த்தால் முற்றத்தில் கிடக்கும். ஒரு நாள் காலையில் மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டுப் பாப்பா ஒன்று, செல்வி என்று பேர், மூன்று வயசு இருக்கும், அப்படிக் கிடந்த வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. அக்கா துடைப்பக்கட்டையை வீசி எறிந்தாள். வடை தெறித்தது. பிள்ளை மணிக்கட்டு வீங்கிப்போய் வீறிட்டது. பிள்ளையின் அம்மா என்ன ஏது என்று தெரியாமல் ஓடி வந்து, "என் பிள்ளையவா அடிச்சே? ஏட்டி, ஒனக்கு ஒரு பிள்ளை இருந்தால்ல தெரியும்!" என்று கத்தினாள். அக்கா குனிந்தாள். அந்த வடையை எடுத்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். பூண்டு வாடை அடித்தது. அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. லைன் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வராமல் கம்பி வேலி போடுவதாகச் சொன்னார். பிறகு துரையைக் காட்டினார். "மருந்த நிறுத்த முடியாது. நாளைக்கு இது தின்னுட்டுச் செத்தா நீ மில்லு மேல பழியப் போடுவ. நாய எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுரு."

"சங்கிலி போட்டுக் கட்டிக்கிடுதேன் ஐயா."

"கட்டிப்போட்ட நாய் எதுக்கு? அவுத்து விட்டா தின்னும். ஒரு மாசம் டைம்."

மற்ற நாய் என்றால் அதட்டித் திருப்பலாம். வாயில் கவ்வினதைக்கூட ஒரு சத்தத்தில் கீழே போட வைக்கலாம். துரையை எப்படி அதட்டுவது? அக்கா மிதித்து அழைக்கலாம் என்றால், குடோனுக்குள் தரை முழுக்க உதிரிப் பஞ்சு. அதில் யானை மிதித்தாலும் அதிர்வு போகாது. அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து நின்றாள். "ஏலே, எல்லாத்துக்கும் வாய் கிழியப் பேசுவேல்ல. எலி மட்டும் திங்குற மாதிரி மருந்து வைக்க ஒரு வழி சொல்லு பாப்போம். இது போச்சுன்னா நான் யாருக்குலே சோறு வைக்க?"

சவால் என்று வந்தால் எனக்கு அந்த வயசில் சோறு தண்ணி இறங்காது. முதலில் வேப்பங்கொட்டையை அரைத்துக் கலந்து பார்த்தேன். கசந்தால் பிள்ளையும் நாயும் துப்பிவிடும் அல்லவா? துப்பும். எலியும் துப்பியது. உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். எலி ஏறிப் போய்க் கொறித்து, பாதியைக் கீழே சிந்தியது. தகரப் பெட்டி செய்து வைத்தேன். எலி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெட்டி மேலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போனது. வேலுச்சாமி அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "ஒன் மூளைக்கு எலியே சர்டிபிகேட் குடுத்துட்டுப் போயிருக்குலே" என்றார்.

அண்ணாச்சிக்கு ஒரு பக்கம் கேலி, மறு பக்கம் வருத்தம். அவர் வைத்த வடைதானே. அதற்குப் பிறகு அவரும் என்னோடு சேர்ந்துகொண்டார்.

வழி குப்பையில் கிடந்தது. நூல் சுற்றுகிற காகிதக் கோனைப் பார்த்திருப்பீர்கள். கூம்பு மாதிரி, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், நடுவில் வெறும் கூடு. நசுங்கின கோன்களைக் குடோன் பின்னால் குவித்து வைப்பார்கள். அந்தக் குவியலில் எலி ஒன்று குறுகின பக்கமாக நுழைவதைப் பார்த்துக்கொண்டே பீடி குடித்துக்கொண்டிருந்தேன். நுழைந்தது வெளியே வரவில்லை. உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது! இருட்டும் இடுக்கும் அதற்குப் பிடிக்கிறது. பீடியைப் போட்டுவிட்டு எழுந்தேன். ரெண்டு கோனை எடுத்து அகலப் பக்கத்தை அகலப் பக்கத்தோடு வாய்க்கு வாய் வைத்துப் பார்த்தேன். ரெண்டு முனையும் குறுகல், வயிறு மட்டும் பெருசு. குறுகல் முனையை எலித் தலை நுழைகிற அளவுக்கு நறுக்கினேன். வயிற்றுக்குள் ஒரு கம்பி. மாவில் பிசைந்த மருந்து உருண்டையை அந்தக் கம்பியில் கோத்துவிட்டால் எலியால் வெளியே இழுத்து வர முடியாது, உள்ளேயே தின்றாக வேண்டும். ஈரத்துக்கும் பல்லுக்கும் வெளியே தார் பூசி, பலகையில் வைத்துக் கம்பியால் இறுக்கி, பலகையை ஆணியடித்துத் தரையோடு பதித்துவிட்டால் யாரால் உருட்ட முடியும்?

ஒரே சாயங்காலத்தில் செய்தேன். எந்த இன்ஜினியர் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள், சொல்லுங்கள்.

அக்கா அவ்வளவு சீக்கிரம் மசிகிற ஆள் இல்லை. "மருந்து வைக்காம முதல்ல மிட்டாய் வையி" என்றாள். கம்பியில் ஆரஞ்சு மிட்டாயைக் குத்தி உள்ளே வைத்தோம். அந்தச் செல்வியைக் கூட்டிவந்து, "எடுத்துக்கோ தாயி" என்றாள். பிள்ளை இந்தப் பக்கம் விரலை விட்டது, அந்தப் பக்கம் விட்டது, படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தது, பெட்டியை உதைத்தது. கடைசியில் வாய் கோணி அழுதது. அக்கா கை தட்டினாள். "பிள்ளை அழுதுருச்சுலே. பெட்டி பாஸு!" பிறகு துரைக்குக் கருவாடு வைத்துப் பார்த்தோம். அது செத்த நேரம் பிறாண்டிவிட்டு, எங்களைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. செல்விக்கு ரெண்டு மிட்டாய், துரைக்கு முழுக் கருவாடு.

நீலம் கலந்தது அக்கா யோசனை. வேட்டிக்குப் போடுகிற நீலத்தை மருந்து உருண்டையில் பிசையச் சொன்னாள். "நீலக் கலர்ல நம்ம ஊர்ல ஏதாச்சும் திங்குறோமா? தப்பித் தவறி வெளிய விழுந்தாலும் பிள்ளைக தொடாதுல்ல." எலி கலர் பார்த்துத் தின்னவில்லை. தின்றது. செத்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. துரையைப் பார்த்தார். துரை அவரைப் பார்க்கவில்லை. "சரி, இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோசத்துக்கும் அவளுக்கு அழுகைதான் வரும்.

அதற்குப் பிறகு என் காலம் தொடங்கியது. சேத்தூர் அரிசி மில்லில் கேட்டார்கள், பாண்டேஜ் துணிக் கம்பெனிகளில் கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர்கள், பால் பக்கத்தில் மருந்தா என்று காத தூரம் ஓடினவர்கள், பெட்டியைப் பார்த்தபின் ஒத்துக்கொண்டார்கள். பேல் உருட்டுகிறவன் என்று கூப்பிட்டவர்கள் பெட்டிக்காரர் என்று கூப்பிட்டார்கள். சைக்கிளில் போனவன் மொபெட் வாங்கினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அப்போது சட்டைக்குக் காலர் இருந்ததே பெரிய விஷயம்.

இதற்கு நடுவில் அக்கா ஒரு வேலையைத் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தாள். விடியற்காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் வாளியும் இடுக்கியுமாகக் குடோனை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். மருந்து தின்ற எலி உள்ளேயே சாகாது. தாகம் எடுத்துத் தள்ளாடி வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ வாய்க்கால் ஓரமோ விழும். அவற்றைப் பொறுக்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுவாள். அது முடிந்த பிறகுதான் துரையை அவிழ்ப்பாள். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை. "அப்பிடியே போட்டுட்டா நாத்தம் கொடலப் புடுங்கும்லே. கூட்டுறவ நாந்தான?" என்பாள். நாற்றத்துக்காகச் செய்தாள். நாங்களும் நாற்றத்துக்காக என்றுதான் நினைத்தோம்.

ஆடிப்பூரம் வந்தது. ஆண்டாள் ஊர் பக்கத்தில் இருந்துகொண்டு அன்றைக்கு யார் மெஷின் ஓட்டுவார்கள்? சேர்ந்தாற்போல ரெண்டு நாள் லீவு. மேனேஜர் எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் பேசினார். ஆள் நடமாட்டம் இருக்காது, பிள்ளைகளும் ஊருக்குப் போய்விடும், இந்த ரெண்டு நாளில் எல்லாப் பெட்டியிலும் மருந்து வைத்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்றார். எங்களுக்கும் சரியாகப் பட்டது. வேலுச்சாமி அண்ணாச்சி தலையாட்டினார். அக்காவும் தலையாட்டினாள். இதைவிடப் பத்திரமான நாள் வருசத்தில் கிடையாது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் இராஜபாளையமே சொல்லியிருக்கும்.

அக்கா புருசன் போனதிலிருந்து வாசலைத் தாண்டி எங்கும் போனதில்லை. நாயை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பாள். அன்று அவளே சொன்னாள். "பெட்டிதான் இருக்கே. தொரைக்கு ஒன்னும் ஆகாது. நானும் ஒரு தடவ ஆண்டாளப் பாத்துட்டு ஓடியாந்துருதேன்." அதைக் கேட்க எனக்கு எம்புட்டு பெருமையாக இருந்தது தெரியுமா? நான் செய்த ஒரு பொருளை நம்பி ஒரு மனுசி வெளியூர் போகிறாள்.

துரையைக் கட்டிப்போட வேண்டாம், திருட்டுப் பயம் இருக்கு, அவிழ்த்தே இருக்கட்டும் என்றாள். பெரிய சட்டியில் சோறும் தண்ணீரும் வைத்தாள். தரையை மிதித்து அதை வரவழைத்து, கையை விரித்துக் காட்டினாள். உட்கார்ந்தது. எல்லாப் பெட்டியிலும் மருந்து வைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினோம், அவள், வேலுச்சாமி அண்ணாச்சி, நான். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் "அது யாரு தோப்பு? இது எப்பம் கட்டுன வீடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ராத்திரி அண்ணாச்சி வீட்டில் தங்கல். மறுநாள் கோவிலில் கூட்டத்தில் நசுங்கிக் கும்பிட்டாள். கடைத்தெருவில் கறுப்பு வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறகு வெட்கப்பட்டுக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என்ன வேண்டிக்கிட்டேக்கா என்று கேட்டேன். "எனக்கு என்னலே வேணும்? அதுக்குத்தான். நான் இருக்குற வரைக்கும் அது இருக்கணும், அது இருக்குற வரைக்கும் நான் இருக்கணும். எது முந்துனாலும் இன்னொன்னு அநாதை." பஸ் ஏறும்போது துரைக்கென்று கால் கிலோ பால்கோவா வாங்கினாள்.

மத்தியானம் மூன்று மணி போலத் திரும்பினோம். வாசலில் நின்று தரையை மிதித்தாள். வரவில்லை. தூங்குது போல என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் மிதித்தாள். நான் முன்னால் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் துரை கிடந்தது. அந்த வெள்ளை உடம்பு முழுக்கச் சேறு. கால்களால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டிப் பள்ளமே விழுந்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு பெட்டியாக ஓடி ஓடிப் பார்த்தேன். எல்லாம் பதித்தது பதித்தபடி இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை, நசுங்கவில்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "பெட்டி ஒன்னும் ஆகலக்கா" என்றேன்.

அவள் துரையின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். "பெட்டி நல்லாத்தாம்லே இருக்கு" என்றாள்.

வேலுச்சாமி அண்ணாச்சிதான் கண்டார். தொட்டியைச் சுற்றி எலி வால்கள் கிடந்தன. அங்கங்கே பாதி எலி. ரெண்டு நாளாகத் தள்ளாடி வெளியே வந்த எலிகளைப் பொறுக்க ஆளில்லை. வேட்டைக்குப் பிறந்த சாதி, காது இல்லாவிட்டாலும் கண் இருந்ததே, பிடித்துத் தின்றிருக்கிறது. துரை வாயோரத்தில் லேசாக நீலம். காக்கைகளும் செத்துக் கிடந்தன. மருந்தை யாரும் எடுக்க முடியாதபடி பெட்டிக்குள் பூட்டினோம். எலி அதைத் தன் வயிற்றில் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டது.

அக்காவின் வாளியும் இடுக்கியும்தான் பாதிப் பெட்டி என்று அந்த மத்தியானம்தான் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

குழியை நானே வெட்டினேன். அவள் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அதன் முன்கால்களுக்கு நடுவில் வைத்தாள். யாரையும் திட்டவில்லை. ரெண்டு வசை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து, நாய் வளர்க்கிற ஒருவரிடம் சொல்லி வைத்து நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். விரலைச் சொடுக்கினால் காது ரெண்டும் நிமிரும். சொடுக்கியும் காட்டினேன். அக்கா அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதுக்கு நான் எதுக்குலே? இத யாரு கூப்புட்டாலும் போகும்."

அடுத்த மாதமே அறையைக் காலி செய்துவிட்டுச் சேத்தூரில் தம்பி வீட்டோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பெட்டி கேட்டு வருகிறவர்களிடம், காலையில் எலி பொறுக்க ஓர் ஆள் போட்டால்தான் தருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "எலி பொறுக்க ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று சிரித்தார்கள். சிலர் போட்டார்கள். பலர் வேறு கடைக்குப் போனார்கள். என்னை மாதிரியே கோன் பெட்டி செய்து, இந்தக் கண்டிசன் இல்லாமல் விற்றவர்கள் உண்டு. நான் மூன்று மாடி கட்டினது மற்ற மருந்துகளில்தான். பெட்டியில் இல்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள் சேத்தூர்ப் பக்கம் போனபோது அக்காவைப் பார்த்தேன். தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டு, "ஏலே, பெரிய ஆளாயிட்டேன்னு சொல்லுதாக?" என்றாள். ஆமாக்கா என்று என் கடையைப் பற்றி, வாங்கின ஜீப்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கீரைக் காம்பை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"குடோன்ல எலி கொறைஞ்சிருச்சா?"

கேட்காமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாய் கிழியப் பேசுகிறவன் நான். "இல்லக்கா" என்றேன்.

"கொறையலயா?"

"இல்ல. அப்பம் இருந்த மாதிரியேதான் இருக்கு."

அவள் கை கீரையில் நின்றது. பிறகு காப்பி போடச் சொல்லட்டுமா என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்த சேதி எனக்குக் காரியம் முடிந்த பிறகுதான் வந்தது. வேலுச்சாமி அண்ணாச்சி அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். மில் நின்றுபோய், குடோனை இடித்து மனை போட்டு விற்றார்கள். அந்த முற்றத்தின் மேல் இப்போது வரிசையாக வீடுகள். எந்த வீட்டு அடியில் துரை கிடக்கிறது என்று என்னாலேயே காட்ட முடியாது. ஒரு நாள் நின்று பார்த்தேன், திசையே குழம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்தச் செக்யூரிட்டிப் பையனிடம் கேட்டேன், காலையில் செத்த எலியைப் பொறுக்க ஆள் வருமா என்று. "கம்பெனிக்காரங்க மாசத்துக்கு ஒரு தடவ வந்து பெட்டியில மருந்து வச்சிட்டுப் போவாங்கய்யா. பொறுக்குறதுன்னா என்னது?" என்றான். வெளியே, வாட்டர் டேங்க் நிழலில், செவலை நாய் ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. என் டோக்கன் நம்பரை ரெண்டாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கமாக நடந்துபோய், டேங்கைச் சுற்றி, குனிய முடிந்த மட்டும் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.